இரண்டு பேர் செய்த கேட்டலினா

பழவேற்காட்டில் கம்ப்யூட்டர் வந்த முதல் வீடு மக்பூல் பாயுடையது. ஷார்ஜாவில் வேலை பார்த்த மூத்த மகன் கௌஸ் மைதீன், லீவில் வந்த யாரிடமோ கொடுத்து அனுப்பியிருந்தான். ரப்பர் பொத்தான்கள் வைத்த, ஒரு பாடப்புத்தகம் அளவே இருந்த கறுப்புப் பெட்டி. டி.வி.யோடு ஒரு ஒயரும், டேப் ரெக்கார்டரோடு ஒரு ஒயரும் செருகி கேசட்டைப் போட்டால், அது கீச்சென்று கத்திக்கொண்டே ப்ரோக்ராமை உள்ளே இழுத்துக்கொள்ளும். கத்தி முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். "பூனைய மிதிச்ச மாதிரி கத்துது, அத தூரக் கொண்டுபோய் வையி" என்று உம்மா பரக்கத் பீவி சொல்லிப் பார்த்தாள். கணக்கில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருந்த மகள் ராபியா கேட்கவில்லை. அந்தப் பெட்டியைப் படுக்கிற அறைக்குக் கொண்டுபோய் வைத்தவள், அதற்குப் பிறகு அதை விட்டு எழுந்த நேரம் குறைவு.

கேசட்டுகளில் ஒன்று ஃப்ளைட் சிமுலேட்டர், வீட்டில் உட்கார்ந்தபடியே விமானம் ஓட்டிப் பழகுகிற ப்ரோக்ராம். அதில் சக்கரம் வைத்த ஒரு சின்ன விமானம் இருந்தது. ரன்வேயில் ஓடி, எழும்பி, சுற்றிவிட்டு, திரும்ப ரன்வேயிலேயே இறங்கும். ராபியாவுக்கு அது சீக்கிரமே கைவந்துவிட்டது. கைவந்த பிறகு அந்த ப்ரோக்ராமைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தாள். விமானம் என்பது அதற்குள் வெறும் எண்கள்தான். மூலைப் புள்ளிகள், எடை, இறக்கையின் பரப்பு, இன்ஜினின் பலம். எண்ணை மாற்றினால் விமானம் மாறியது.

இதையெல்லாம் அவள் சொல்லிக் காட்டுவதற்கு ஒரே ஆள்தான் இருந்தாள். மனோரமா. ஏரிக்கு அந்தப் பக்கம், கடலை ஒட்டிய குப்பத்தில் மீன்பிடிக்கும் வரதனின் மகள். அந்தக் குப்பத்திலிருந்து கல்லூரி வரை போன முதல் பெண். பொன்னேரி கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்ச். தினமும் மனோரமா படகேறி இந்தக் கரைக்கு வருவாள், ராபியா காத்திருப்பாள், இருவரும் சேர்ந்து பஸ் பிடிப்பார்கள். காற்று வலுத்துப் படகு ஓடாத நாட்களில் மனோரமா மக்பூல் பாய் வீட்டிலேயே தங்கிவிடுவாள். படிப்பு முடிந்ததும் பொன்னேரியில் சாலமன் என்பவர் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் இருவருக்கும் சொல்லித்தரும் வேலை கிடைத்தது. அதே பஸ், அதே சீட்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனோரமா அந்தச் சின்ன விமானத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இன்னாடி இது, ரன்வே ரன்வேன்னுது. நம்ம ஊர்ல எங்க கீது ரன்வே? ஏரிதான் கீது. ஏரியில எறங்கற மாதிரி ஒண்ணு செய்யேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த முறை மெட்ராஸ் போனபோது, சென்ட்ரல் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் யுத்த கால விமானங்களைப் பற்றிய ஒரு தடிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். அதில்தான் கேட்டலினா இருந்தது. படகு மாதிரி வயிறு, தலைக்கு மேலே தூக்கிக் கட்டின இறக்கை, அதில் இரண்டு இன்ஜின். இறக்கை நுனியில் இரண்டு மிதவைகள், பறக்கும்போது அவை மடிந்து இறக்கையோடு சேர்ந்துகொள்ளும். வயிற்றுப் பக்கத்தில் சக்கரங்களும் உண்டு, வேண்டுமானால் தரையிலும் இறங்கலாம். முன்பக்கம், மேல்பக்கம், பக்கவாட்டு என்று மூன்று படமும் அளவுகளோடு இருந்தன. படத்தைப் பார்த்த மக்பூல் பாய், "சண்டை டயத்துல செங்குன்றம் ஏரியில இதுங்களக் கட்டி வெச்சிருந்தாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி செய்தித்தாளுக்குத் திரும்பினார்.

ராபியா கேட்டலினாவைக் கோடு கோடாக அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் கட்டினாள். காற்றில் பறப்பதைப் புத்தகத்தையும் கணக்கையும் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். தண்ணீர்தான் வழிக்கு வரவில்லை. அந்தப் பழைய ப்ரோக்ராமுக்குத் தண்ணீர் என்றால் என்னவென்றே தெரியாது. கரடுமுரடான ரன்வே என்று சொல்லி அதை ஏமாற்றினாள். அப்போதும் விமானம் சாலையில் ஓடும் லாரி போலத்தான் ஓடியது.

"படகு அப்டிப் போவாதுடி" என்றாள் மனோரமா. "மோட்டார் வெச்ச படகப் பாரு. மொதல்ல மூக்கத் தூக்கினு, பின்னால தண்ணிய இழுத்துனு கஷ்டப்படும். அப்புறம் ஒரு கட்டத்துல வயிறு மேல வந்துடும். அதுக்கப்புறம் இழுவையே கெடயாது, வழுக்கினு போவும்."

"எந்தக் கட்டத்துல?"

"அது பார்த்தாத்தான் சொல்ல முடியும். நீ ஓட்டு, நான் சொல்றேன்."

அப்படித்தான் செய்தார்கள். ராபியா எண்ணை மாற்றுவாள், விமானத்தை ஓடவிடுவாள். பின்னால் நிற்கும் மனோரமா கண்ணை இடுக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் கஷ்டப்படணும்", "இப்ப சீக்கிரம் வுட்டுட்ச்சு" என்று சொல்வாள். வேகம் ஏற ஏற இழுவை கூடி, ஒரு மேட்டைத் தாண்டியதும் சட்டென்று குறைய வேண்டும். அந்த மேடு எவ்வளவு உயரம், எங்கே என்பதை மனோரமாவின் கண்தான் முடிவு செய்தது. அதைக் கணக்காக்கி எழுதியது ராபியா. ஒரு மத்தியானம் கேட்டலினா மூக்கைத் தூக்கி, திணறி, வழுக்கி, எழும்பியது. இருவரும் அதை மறுபடி மறுபடி எழுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எண்பத்தெட்டில் சாலமன் தன் சென்டருக்கு ஒரு பெரிய கம்ப்யூட்டர் வாங்கினார். ஃப்ளாப்பி போடுகிற வகை, தனித் திரை. அதற்கென்று புதிதாக ஒரு ஃப்ளைட் சிமுலேட்டரும் யாரிடமிருந்தோ கிடைத்தது. அதில் மலை இருந்தது, சாயங்காலம் இருந்தது, தண்ணீரும் இருந்தது. ஆனால் அந்தத் தண்ணீரைத் தொட்ட விமானம் எதுவானாலும் விபத்து என்று அறிவித்துவிட்டு ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கும். கேட்டலினாவை இதற்குள் கொண்டுவர வேண்டும் என்று முதலில் சொன்னது யார் என்பது பின்னாளில் இருவருக்குமே நிச்சயமாக நினைவில்லை.

கேசட்டில் இருப்பதை ஃப்ளாப்பிக்கு மாற்ற வழி கிடையாது. வகுப்புகள் முடிந்த பிறகு மனோரமா எண்களை வாசிப்பாள், ராபியா அடிப்பாள். அடித்து முடித்து முதல் தடவை ஓட்டியபோது கேட்டலினா ஒரு இறக்கையை வானத்தில் நட்டுக்கொண்டு பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. பழைய ப்ரோக்ராமில் ஒவ்வொரு புள்ளிக்கும் உயரம் மூன்றாவது எண், புதியதில் இரண்டாவது. அதை மாற்றினால், விமானம் திரும்பவே மாட்டேன் என்றது. பழையது ஒரு வட்டத்தை இருநூற்று ஐம்பத்தாறு பாகமாகப் பிரித்திருந்தது, புதியது அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சமாக. கோணங்களை எல்லாம் பெருக்கி மாற்றினாள். கடைசியில் தண்ணீர். எந்த இடத்தில் விபத்து என்று முடிவெடுக்கிறதோ அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே தன் பழைய மேட்டுக் கணக்கைச் செருகினாள். சக்கரம் வெளியே நீட்டியிருந்தால் மட்டும் கவிழும். மடக்கியிருந்தால் மிதக்கும். மனோரமா பழையபடி பின்னால் நின்று சொல்லிக்கொண்டே வந்தாள். மழைக்காலம் முடியும் முன்பே கேட்டலினா புதிய வீட்டில் நீந்தத் தொடங்கியது.

அந்தச் சமயத்தில் கிண்டியில் ஒரு கம்ப்யூட்டர் கண்காட்சி நடப்பதாகச் சாலமன் சொன்னார். மூன்று நாள். மெட்ராஸில் தங்க வேண்டும். மக்பூல் பாய் தங்குவதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. ராபியா வற்புறுத்தவும் இல்லை.

"நீ போ. நம்ம ரெண்டு பேர் பேரையும் சொல்லிடு, போதும்" என்று ஃப்ளாப்பியை மனோரமா கையில் கொடுத்தாள்.

மனோரமா போனாள், வந்தாள். முகமெல்லாம் வெளிச்சம். பைலட்டாகப் படிக்கிறவர்களுக்குப் பயிற்சி ப்ரோக்ராம்கள் செய்யும் ஒரு கம்பெனிக்காரர் கேட்டலினாவைப் பார்த்து அசந்துபோனாராம். வேலை தருகிறேன் என்றாராம்.

"ஒரு போஸ்ட்தான் கீதாம் ராபி" என்றாள். சொல்லும்போது பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராபியாவுக்கு நெஞ்சில் ஏதோ கொஞ்சம் இறங்கியது, அது உண்மை. ஆனால் அவள் அதை அதிக நேரம் அங்கே இருக்கவிடவில்லை. "அப்ப நீ போ" என்றாள். மகளை ஹாஸ்டலில் விட மனோரமாவின் அம்மா இருசம்மாள் பயந்தபோது, ராபியாதான் படகேறிக் குப்பத்துக்குப் போனாள். "அவ போவாத இடத்துக்கு நான் எப்டி பின்னால போவேன்? அவ மொதல்ல போவட்டும்" என்று பேசி, இருசம்மாளைச் சம்மதிக்க வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

மனோரமா மெட்ராஸ் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வந்தாள். குப்பத்துக்குப் படகேறும் முன் மத்தியானச் சாப்பாடு ராபியா வீட்டில். பரக்கத் பீவி அவளுக்காக இறால் எடுத்து வைப்பாள். கம்பெனியைப் பற்றி, குளிர்சாதன அறையைப் பற்றி, அங்கே கேட்டலினாவை எல்லோரும் எப்படி வரிசையில் நின்று ஓட்டுகிறார்கள் என்பதைப் பற்றி மனோரமா சொல்வாள். ராபியா கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தக் கதைகளுக்காகவே அவள் ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்தாள்.

அப்படியே சில மாதங்கள் போயின. அடுத்த ஆண்டு வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, பொன்னேரி சென்டர் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் தன்னை ஆதிநாராயணன் என்று சொல்லிக்கொண்டார். மனோரமா வேலை பார்க்கும் கம்பெனியின் முதலாளி. சாலமனைப் பார்க்க வந்திருந்தார். சாலமன் வெளியே போயிருந்ததால் ராபியாதான் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

"எங்களுக்கு ஒரு பழைய கேசட் வேணும்மா" என்றார் அவர். "கேட்டலினான்னு ஒரு விமானம். அதோட முதல் வடிவம் இந்த சென்டர்லதான் இருக்கும்னு நினைக்கறேன். நாங்க இப்ப வேகமான மெஷினுக்கு மாறிட்டோம். அதுல போட்டா, தண்ணியில இறங்கினதும் மீன் மாதிரி துள்ளித் துள்ளி மூக்கு குத்திக்குது. மெஷினோட வேகந்தான் காரணம்னு தெரியுது, ப்ரோக்ராம்ல அது எந்த இடம்னு தெரியல. மனோரமாவும் ரொம்பப் பாடுபட்டுப் பார்த்துட்டாங்க. கணக்கெல்லாம் இன்னொரு பொண்ணு போட்டதாம்."

ராபியா சிரித்துவிட்டாள். "அந்த இன்னொரு பொண்ணு நான்தான் சார்."

ஆதிநாராயணன் டம்ளரைக் கீழே வைத்தார். "ராபியாவா?"

"ஆமா சார்."

"எப்ப வந்தீங்க?"

"எங்கேர்ந்து சார்?"

அவர் குழம்பிப்போனது முகத்தில் தெரிந்தது. "ஷார்ஜாவுலேர்ந்து. கல்யாணம் ஆகி அங்க போயிட்டீங்கன்னு மனோரமா சொன்னாங்களே. கண்காட்சி முடிஞ்ச கையோட ரெண்டு பேரையும் வேலைக்குக் கூப்பிட்டேன். மாப்பிள்ளைக்கு அங்க சூப்பர் மார்க்கெட், உடனே கூட்டிட்டுப் போயிட்டார்னு சொன்னாங்க. நல்லதுன்னு நானும் விட்டுட்டேன்."

அப்படி ஒரு மாப்பிள்ளை இருந்தான். கௌஸ் மைதீன் பார்த்த இடம். ஷார்ஜாவில் கடை. ராபியா அழுது, அண்ணனுக்குப் போன் போட்டு, அந்தப் பேச்சை வீட்டோடு நிறுத்தியிருந்தாள். ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே வெளியாள் மனோரமா. வேண்டாம் என்று அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று அவளிடம்தான் பஸ்ஸில் முழு வழியும் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். அன்று மனோரமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கட்டிக்கினு போய்ட்டா நான் இன்னா செய்வேன்" என்று சொல்லியிருந்தாள்.

அவள் வேண்டாம் என்று சொன்ன அந்த ஆளுக்கே மனோரமா அவளைக் கட்டிக்கொடுத்து, கப்பலேற்றி அனுப்பிவிட்டிருந்தாள்.

"நான் எங்கயும் போகல சார்" என்றாள் ராபியா. குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆதிநாராயணன் டம்ளரில் மீதியிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு, வரும் திங்கட்கிழமை மெட்ராஸ் வந்து கேட்டலினாவைச் சரிசெய்து தர முடியுமா என்று கேட்டார். அந்த இரண்டாவது இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

அன்று மாலை மக்பூல் பாயிடம் கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"தினம் போய்ட்டு தினம் வர்ற வேலையா?"

"ஆமா வாப்பா. பொன்னேரியிலேர்ந்து ட்ரெயின் கீது."

"அப்ப போ. அதுக்கின்னா?"

"அன்னிக்கு வேணாம்னீங்களே."

"அன்னிக்கு மூணு நாள் தங்கறதுன்ன. தங்க வேணாம்னேன். வேலைன்னு எப்ப கேட்ட நீ?"

ராபியா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. ஷார்ஜா பொய்யைக்கூட அவளால் தாங்க முடிந்தது. வாப்பா இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னதைத் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தைக்கு இடமே இல்லாமல் செய்துவிட்டிருந்தாள், தினமும் பஸ்ஸில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்.

ஞாயிற்றுக்கிழமை மனோரமா வழக்கம்போல வந்தாள். முதலாளி பொன்னேரி போனது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பரக்கத் பீவி பரிமாறினாள். மனோரமா இரண்டாம் முறை இறால் கேட்டு வாங்கிக்கொண்டாள். ராபியா ஒரு வாய்க்கு மேல் எடுக்கவில்லை. உம்மா எதிரில் எதையும் பேசக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். சாப்பாடு முடிந்து படகுத்துறைக்கு நடக்கும்போதும், பாதித் தெரு வரை மனோரமா ஹாஸ்டல் கதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

படகு எதிர்க்கரையில்தான் இருந்தது. திரும்பி வர நேரமாகும். துறையில் வலை காயப்போட்டிருந்த இடத்தின் பக்கம் இருவரும் நின்றார்கள்.

"ஷார்ஜா எப்டி கீது?" என்று ராபியா கேட்டாள்.

"யாரு, உங்க அண்ணனா?"

"எங்க வூட்டுக்காரரு. கடை நல்லா ஓடுதாமா?"

மனோரமாவின் முகம் வெளிறியதை ராபியா பார்த்தாள். அவளுக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட மாட்டாளா, எல்லாம் அந்த முதலாளி கட்டின கதை என்று சொல்லிவிட மாட்டாளா என்றுதான் அந்த நிமிஷம் வரை உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

"சார் சொன்னாரா?" என்றாள் மனோரமா மெதுவாக.

"ம்."

"ராபி, கேளு. ரெண்டு பேரும் வந்தாத்தான் வேலைன்னாரு. உங்க வாப்பா எக்ஸிபிஷனுக்கே வுடல. வேலைக்கா வுடுவாரு? நீ ஊர்லயே கீறன்னா, நீ வர்ற வரைக்கும் எனக்கும் இல்லன்னுடுவாருன்னு பயந்துட்டேன். வாய்ல வந்தத சொல்லிட்டேன்."

"வாய்ல வந்தது அதுதானா? நான் உங்கிட்ட மட்டும் சொன்னது?"

மனோரமா காயும் வலையின் ஒரு முடிச்சைப் பிடித்துத் திருகினாள்.

"வந்து எங்கிட்ட கேட்ருக்கலாமே."

"கேட்டு நீ முடியாதுன்ட்டா?"

"அத நான் சொல்லியிருக்கணும். என் வாயால சொல்லியிருக்கணும். நீ யாரு சொல்றதுக்கு?"

"உனக்கு வூடு கீது, வாப்பா கீறாரு, அண்ணன் அனுப்பறாரு." மனோரமாவின் குரல் தடித்தது. "எனக்கு இன்னா கீது சொல்லு? இத வுட்டா எங்கம்மா மாதிரி மீன் கூடை தூக்கினு போறதுதான். உனக்கு அது வெளையாட்டு. எனக்கு அது ஒண்ணுதான் வழி."

அதில் பொய் இல்லை. ராபியாவுக்கு அது தெரிந்தே இருந்தது. தெரிந்ததால்தான் இருசம்மாளிடம் போய்ப் பேசினாள். தெரிந்ததால்தான் ஒரு போஸ்ட் என்றபோது வாயைத் திறக்கவில்லை. அந்த வழியை மனோரமாவுக்கு விட்டுக்கொடுக்க அவள் தயாராகவே இருந்தாள். விட்டுக்கொடுக்கும் வாய்ப்பையும் அல்லவா மனோரமா எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"எத்தினி ஞாயித்துக்கிழம வந்த நீ" என்றாள் ராபியா. "ஒரு நாளாவது சோத்துல கை வெக்கும்போது உறுத்தலையா?"

மனோரமா அழ ஆரம்பித்தாள். படகு வந்தது. ராபியா அது கிளம்பும் வரை நிற்கவில்லை.

திங்கட்கிழமை மக்பூல் பாய் மகளோடு மெட்ராஸ் வரை வந்தார். கம்பெனியின் வரவேற்பறையில் அவரை உட்காரவைத்துவிட்டு ராபியா உள்ளே போனாள். மனோரமா சொன்ன குளிர்சாதன அறை, சொன்னபடியே இருந்தது. வேகமான புதிய கம்ப்யூட்டரின் முன்னால் அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மனோரமா சுவரோரம் நின்றிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

ஆதிநாராயணன் உள்ளே வந்ததும் மனோரமாவைத்தான் முதலில் பார்த்தார். "என்னம்மா, இவங்க பழவேற்காட்டுலயே இருக்காங்க. நீங்க வேற சொன்னீங்களே?"

"தப்பா கேள்விப்பட்டுட்டேன் சார்" என்றாள் மனோரமா. சொல்லிவிட்டு ராபியாவைப் பார்த்தாள். பரீட்சை ஹாலில் பென்சில் கேட்கிறவள் பார்க்கிற பார்வை. கல்லூரியில் எத்தனையோ தடவை அந்தப் பார்வைக்கு ராபியா மறுபேச்சில்லாமல் கொடுத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அழுதது எல்லாம் எதற்காக என்று ராபியாவுக்கு அப்போது புரியவில்லை. துறையில் ஒருத்தி அழுதாள். இங்கே நிற்கிறவள் அவள் இல்லை.

"தப்பா கேள்விப்படல சார்" என்றாள். "நேத்துகூட எங்க வூட்லதான் சாப்ட்டா."

ஆதிநாராயணன் ஒருத்தியைப் பார்த்தார், மற்றவளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று ராபியா நினைத்தாள், ஏதாவது கேட்பார் என்றாவது நினைத்தாள். அவர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"சரி, அதை நீங்க உங்களுக்குள்ள பேசிக்கங்க. மத்தியானம் ஃப்ளையிங் கிளப்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க. அதுக்குள்ள இது தண்ணியில நிக்கணும்."

அவ்வளவுதான். அவருக்கு விமானம் வேண்டும்.

ராபியா விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டாள். கோளாறு எங்கே என்பதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. தண்ணீரின் இழுவையை, திரை ஒவ்வொரு தடவை மாறும்போதும் ஒருமுறை சேர்க்கும்படி அவள் எழுதியிருந்தாள். பழைய மெஷினில் திரை மெல்ல மாறியது, கணக்கு சரியாக இருந்தது. புதியதில் அதே நேரத்துக்குள் பல மடங்கு மாறுகிறது, அத்தனை தடவையும் இழுவை சேர்கிறது. கடிகாரத்தைப் பார்த்து அளந்து சேர்க்கும்படி மாற்றி எழுதினாள். துள்ளல் நின்றது. ஆனால் விமானம் இப்போது மேட்டைத் தாண்ட முடியாமல் தண்ணீரிலேயே உழுதுகொண்டு போனது. எண்ணை ஏற்றினாள், இறக்கினாள். சட்டென்று எழும்பியது, அதுவும் சரியில்லை. சரியில்லை என்று தெரிந்தது. எது சரி என்று தெரியவில்லை.

"இப்ப சீக்கிரம் வுட்டுட்ச்சு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ராபியாவின் விரல்கள் நின்றன. திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணை மாற்றினாள். ஓடவிட்டாள்.

"இன்னும் கஷ்டப்படணும். மூக்கு இன்னும் மேல."

மாற்றினாள்.

"கிட்ட வந்துட்ச்சு. எறக்கைய இல்ல, வயித்தப் பாரு. பின்னால இழுக்குது பாரு."

எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று இருவருக்கும் தெரியாது. எண்கள் மாறின, குரல் வந்தது, விரல் ஓடியது. முன்பு போலவேதான் இருந்தது எல்லாம், துளி மாற்றமில்லை. அதுதான் ராபியாவுக்கு வலித்தது. துரோகம் செய்தவளின் கண் கெட்டுப்போயிருந்தால், இல்லை தன் கணக்காவது கெட்டுப்போயிருந்தால், ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டும் அப்படியே இருந்தன. கேட்டலினா மூக்கைத் தூக்கி, திணறி, வழுக்கி, தண்ணீரை விட்டு எழும்பியது. மிதவைகள் மடிந்தன.

அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மனோரமாவின் கை அவள் தோளில் வந்து விழுந்தது. ராபியா தோளை நகர்த்திக்கொண்டாள். அந்தக் கை கொஞ்ச நேரம் காற்றில் நின்று, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது.

மத்தியானம் ஃப்ளையிங் கிளப்காரர்கள் வந்தார்கள், ஓட்டினார்கள், பாராட்டினார்கள். ப்ரோக்ராமின் தொடக்கத்தில் செய்தவர் பெயர் வர வேண்டும் என்றார் ஆதிநாராயணன். இரண்டு பேரும் செய்ததுதான் என்று ராபியா சொன்னாள். அப்படியே போட்டார்கள். அது நியாயம் என்பதால் சொன்னாள். வேறு எதையும் அதற்குள் மனோரமா தேடிக்கொள்ளக் கூடாது என்று, சொல்லும்போது அவள் பக்கம் பார்க்கவில்லை.

ராபியா அந்த வேலையில் சேர்ந்தாள். தினமும் விடியலில் பழவேற்காட்டில் பஸ், பொன்னேரியில் ட்ரெயின். ஒரே அறையில் இரண்டு மேஜை. வேலை விஷயம் தவிர இருவரும் பேசிக்கொண்டதில்லை. வேலை விஷயத்தில் பேச்சு குறைந்ததும் இல்லை. அதைப் பார்த்தவர்கள் இருவரும் நெருங்கிய சிநேகிதிகள் என்றே நினைத்தார்கள். ஒரு தடவை மனோரமா மன்னிப்பு கேட்க வந்தாள். "இப்ப வேணாம்" என்றாள் ராபியா. எப்போது என்று மனோரமா கேட்கவில்லை. ராபியாவுக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மனோரமா வருவது நின்றுபோனது. குப்பத்துக்குப் போக அவள் வேறு துறையில் படகு பிடிப்பதாகச் சொன்னார்கள். பரக்கத் பீவி சில வாரங்கள் இறாலை எடுத்துவைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டாள். ராபியா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள், ஷார்ஜா மாப்பிள்ளையை வைத்துக் கட்டின பொய் உட்பட. உம்மா கேட்டு முடித்துவிட்டு முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"இனிமே அவ வந்தா சோறு போடணுமா, வேணாமா?"

ராபியா யோசித்தாள். வெளியே யாரோ சைக்கிளில் மீன் கூவிக்கொண்டு போனார்கள்.

"போடும்மா" என்றாள். "நான் இல்லாத நாள்ல வரச் சொல்லு."